மாத்திரை வாங்கும் நாள் மாறினால் என்ன ஆகும்?

1/
"வாரா வாரம் வந்துட்டிருந்த மனநல டாக்டர் இனிமே மாசத்துக்கு ரெண்டு நாள்தான் வருவாராம். மத்த நாள்ல ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்க."

நான் வேலை பார்க்கிற தாலுகா மருத்துவமனை ஓபியில் இப்போ அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வெளியில் இருந்து பார்த்தால் சின்ன நிர்வாக மாற்றம். அந்த சேவையை நம்பி இருக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
நான் மனநல மருத்துவர் இல்லை. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அரசு மருத்துவமனையில் பொது ஓபி பார்க்கிறவன். ஆனால் மனநல மருத்துவர் வராத நாளில் மாத்திரை தீர்ந்துபோய் வருகிறவர் நிற்பது என் மேசைக்கு முன்னால்தான். திடீரென்று தூக்கம் கெட்டு, கத்தி, கட்டுக்கு அடங்காமல் ராத்திரி கூட்டிவரப்படுகிறவர் வருவதும் எங்க கேஷுவாலிட்டிக்குத்தான். அதனால் இந்த மாற்றங்களோட விளைவை ரொம்பப் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம்.

3/
முதலில் கொஞ்சம் பின்னணி. "மனநோயா? கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. அதை மாற்ற வந்ததுதான் மாவட்ட மனநலத் திட்டம். 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் செய்து பார்த்த மாதிரியை வைத்து, 1996இல் மத்திய அரசு தொடங்கியது. முதலில் எடுத்த 4 மாவட்டங்களில் நம்ம திருச்சியும் ஒன்று.

4/
அந்தத் திட்டத்தோட அடிப்படை ரொம்ப எளிமை. நோயாளி பெரிய ஊரைத் தேடி வரவேண்டாம், மருந்தும் மருத்துவரும் அவர் ஊருக்குப் பக்கத்தில் போகட்டும். தாலுகா மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குறிப்பிட்ட நாளில் மனநலக் குழு வந்து பார்ப்பது இந்த யோசனையில் இருந்து வந்ததுதான்.

இந்தப் புறசேவை நாட்களைக் குறைத்து, எல்லாரையும் மாவட்டத் தலைநகருக்கு வரச் சொல்வது 30 வருஷம் முன்னாடி கிளம்பின இடத்துக்கே திரும்பிப் போகிற மாதிரி.

5/
தூரத்தில் இருக்கிற சேவை என்ன செய்யும் என்பதை நம்ம மாநிலம் ஒரு தடவை நெருப்பில் பார்த்திருக்கு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தாங்க. அவங்க குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சுக்காரங்க இல்லை. பக்கத்தில் வைத்தியம் இல்லாத இடத்தில் தர்காவும் கோயிலும்தான் ஒரே வழியாக இருந்தது.

பின்னாளில் ஏர்வாடியில் அரசு செய்த நல்ல காரியம், தொழுகையைத் தடுக்காமல் அங்கேயே மனநல சிகிச்சையையும் கொண்டுபோனது. "தவா துவா" என்று பேர். தவா மருந்து, துவா பிரார்த்தனை. மக்கள் எங்கே வருகிறார்களோ அங்கே சேவை போனது. பாடம் அதுதான்.

6/
சரி, சேவையைப் பயன்படுத்துறவங்க என்ன சொல்றாங்க? ஓபியில் கேட்டதை வகை பிரித்துச் சொல்றேன்.

முதல் கவலை பஸ். சிரிக்காதீங்க. நம்ம மாநிலத்தில் சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஊருக்கு வர அவங்களுக்குச் செலவில்லை. மாவட்டத் தலைநகர் என்றால் வெளியூர் பஸ் ஏறணும். அங்கே இலவசம் இல்லை. ரெண்டு பேருக்கும் போக வர டிக்கெட், நடுவில் ஒருவேளைச் சாப்பாடு, இறங்கின இடத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ.

7/
இதோடு கூலி. வருகிறவரில் பாதிப் பேர் தனியாக வருவதில்லை. கூட ஒருத்தர் வரணும். ஆக ஒரு நாள் என்றால் ரெண்டு ஆள் கூலி போச்சு. 30 நாளுக்குக் கொடுத்த மாத்திரையை 15 நாளுக்கு என்று குறைத்தால் அந்த இழப்பு மாசத்துக்கு ரெண்டு தடவை. "மாத்திரை இலவசம்தானே" என்று நாம சொல்றோம். அவங்க கணக்கில் அது இலவசமே இல்லை.

8/
ரெண்டாவது கவலை, டாக்டர் மாறுவது. சர்க்கரைக்கு யார் பார்த்தாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மருந்து தொடரலாம். மனநோயில் பாதி வைத்தியம் பேச்சிலும் பழக்கத்திலும் இருக்கு. காதில் கேட்கும் குரல் என்ன சொல்லுது, வீட்டில் யார் அடிச்சாங்க, எப்போ கிணத்துப் பக்கம் போய் நின்னாங்க, இதையெல்லாம் ஒருத்தரிடம் சொல்லவே வருஷக்கணக்காகும். புதுசா வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் இருந்து சொல்லச் சொன்னால், ஒரு கட்டத்தில் "நல்லாருக்கேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிடுவாங்க.

9/
மூணாவது கவலை வெளியாட்களுக்குப் புரியவே புரியாது. மாத்திரையோட நிறம்.

நம்ம அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டெண்டர் முறை. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று சொல்லப்படும் ஏற்பாடு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கம்பெனி மாறினால் மாத்திரையோட நிறம், அளவு, அட்டை எல்லாம் மாறும். மருந்து அதேதான்.

10/
இப்போ யோசிங்க. "சோத்துல ஏதோ கலந்து கொடுக்கிறாங்க" என்று சந்தேகப்படுவதே ஒருத்தரோட நோயின் அறிகுறி. அவர் கையில் வேற நிறத்தில் மாத்திரையைக் கொடுத்து "இதுவும் அதான், போட்டுக்கோ" என்று சொன்னால் போடுவாரா? மருந்தகத்தில் அரை நிமிஷம் பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். இப்படி ஒரு பிரச்சினை இருக்கு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது பாடப்புத்தகம் இல்லை, ஒரு நோயாளியோட அக்கா.

11/
நாலாவது கவலை, யாருக்கும் தெரியாமல் வந்து போகிற வசதி. இதில் அவங்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. சிலர், "சுகர் பேஷண்டோட சேர்த்து உட்கார வெச்சா நல்லது, யாரும் தனியா பார்க்க மாட்டாங்க" என்கிறாங்க. கல்யாணம் ஆகாத பெண் வைத்திருக்கும் வீட்டில், "எங்க ஊர்க்காரங்க எல்லாம் வர்ற நாள்ல வேணாம்" என்கிறாங்க. வேற சிலருக்கு, யாருக்கும் தெரியாத பெரிய ஊருக்குப் போவதே நிம்மதி.

அதாவது மேலே உட்கார்ந்து "இதுதான் அவங்களுக்கு வசதி" என்று நாமே முடிவு பண்ண முடியாது. கேட்டால்தான் தெரியும்.

12/
அஞ்சாவது, வீடியோ காலில் டாக்டர். டெலி மருத்துவத்துக்கு நான் எதிரி இல்லை. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலிமானஸ், எண் 14416, 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். நம்ம 104ஐயும் கூப்பிடலாம். ராத்திரி 2 மணிக்கு உயிரை விடத் தோன்றுகிறவருக்கு இது பெரிய விஷயம். மறக்காமல் குறிச்சு வெச்சுக்கோங்க.

ஆனால் போன் மருந்து தராது, ஊசி போடாது, கை நடுக்கத்தையும் உடம்பு விறைப்பையும் தொட்டுப் பார்க்காது. வீட்டில் இருக்கும் ஒரே போன் அடிக்கிற புருஷன் கையில் இருந்தால், அந்தப் பெண் அதில் என்னத்தைச் சொல்வாங்க? நேரில் பார்ப்பதோடு சேர்த்துக் கொடுத்தால் வரம். நேரில் பார்ப்பதை எடுத்துவிட்டுக் கொடுத்தால் கண்துடைப்பு.

13/
"ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போனா குடி முழுகிடுமா?" என்று கேட்கலாம். சில மருந்துகளில் முழுகும்.

குளோசபின். மத்த மருந்துகளுக்குக் கேட்காத மனச்சிதைவு நோய்க்குக் கொடுப்பது. ரத்தத்தில் வெள்ளை அணுக்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே கொடுக்கணும். ரெண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்ப ஆரம்பிக்கக் கூடாது. ரத்த அழுத்தம் விழலாம், வலிப்பு வரலாம். குறைந்த அளவில் இருந்து படிப்படியாக ஏற்றணும். ஆக வெறும் 3 நாள் இடைவெளி, பல மாச உழைப்பை வீணாக்கிடும்.

14/
லித்தியம். இருமுனை மனநிலைக் கோளாறுக்குக் காலம் காலமாகக் கொடுக்கிற அருமையான மருந்து. ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறுகல். ரத்தத்தில் அளவு பார்க்கணும், கிட்னியும் தைராய்டும் பார்க்கணும். சட்டென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம்.

ஃப்ளூஃபெனசின் ஊசி. பொதுவா 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. தினம் மாத்திரை போட முடியாதவங்களுக்கு இதுதான் பிடிமானம். அவங்களுக்கு ஊசி நாள் தவறுவது என்றால் சிகிச்சையே நிற்பது.

15/
முதல்முறை மனச்சிதைவு வந்து குணமானவங்களை 5 வருஷம் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 1999இல் வெளியானது. மருந்தை நிறுத்தியவங்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கிட்டத்தட்ட 5 மடங்கு. திரும்பி வரும்போது என்னென்ன போகும்? பார்த்துட்டிருந்த வேலை. வீட்டில் சம்பாதித்த நம்பிக்கை. "இவன் சரியாயிட்டான்" என்று ஊர் சொல்ல ஆரம்பித்திருந்த பேச்சு. சிலருக்கு உயிர்.

16/
நிர்வாகத்தின் பக்க நியாயத்தையும் சொல்லணும். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஒரு மாவட்டத்துக்கு இருக்கிற ஒன்றிரண்டு பேர்தான் ஓபி, வார்டு, கோர்ட், ஊனச் சான்றிதழ், பயிற்சி, முகாம் எல்லாத்தையும் பார்க்கணும். ஜீப் ஓடணும், டிரைவர் இருக்கணும். "எல்லா இடத்துக்கும் வாராவாரம் போக ஆள் இல்லை" என்று அவங்க சொல்வது பொய் இல்லை. அவங்க மேல் எனக்குக் கோபமும் இல்லை.

17/
என் கேள்வி வேற. மாற்றம் வரும்போது அந்தச் சேவையை வாங்குகிறவரை யாராவது கேட்டாங்களா?

புதுசா பஸ் ரூட் மாற்றினால் ஊரே மறியல் பண்ணும். ரேஷன் கடையை மாற்றினால் மனு போகும். மனநல ஓபியை மாற்றினால் ஒரு சத்தமும் வராது. ஏன்? வெளியே வந்து "நான் மனநல மாத்திரை சாப்பிடுறேன், என் ஓபியைக் கொடு" என்று சொல்ல முடியாத ஒரு கூட்டம் அது. சத்தம் வரலைன்னா குறை இல்லை என்று எடுத்துக்கிறோம்.

18/
அதைவிட மோசம் கணக்கு. ஓபி நாளைக் குறைப்போம். வருகிறவங்க குறைவாங்க. மூணு மாசம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்து, "அங்கே கூட்டமே இல்லையே, ஏன் டாக்டரை அனுப்பணும்?" என்போம். அப்புறம் மொத்தமா மூடுவோம்.

வராமல் போனவர் குணமாகிப் போனாரா, மாத்திரையை விட்டாரா, வீட்டில் பூட்டி வெச்சிருக்காங்களா? அந்த ரிப்போர்ட்டில் இதுக்கு ஒரு கட்டமே கிடையாது. 2015-16 தேசிய மனநல ஆய்வுப்படி, மனநோய் இருந்தும் சிகிச்சைக்குள் வராதவங்க, நோயைப் பொறுத்து, 70 சதவீதத்துக்கும் மேல். வந்து சேர்ந்த சிலரையும் நாமே வெளியே தள்ளக் கூடாது.

19/
சட்டம் என்ன சொல்லுது? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 18ஆவது பிரிவை ஒவ்வொரு குடும்பமும் தெரிஞ்சு வெச்சுக்கணும். அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறுவது உரிமை. நோயுற்றவர் சிகிச்சைக்காக நீண்ட தூரம் பயணம் செய்ய வேண்டிய நிலை இருக்கக் கூடாது, வசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சேவை கிடைக்கணும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்தில் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனையிலும் எப்போதும் இலவசமா கிடைக்கணும்.

யாரோ இரக்கப்பட்டுத் தரும் சலுகை இல்லை. நாடாளுமன்றம் போட்ட சட்டம்.

20/
அதே சட்டம் இன்னொன்றும் சொல்லுது. மாநில மனநல ஆணையத்தில் நோயுற்றவர்களின் பிரதிநிதிகளும் பராமரிக்கிறவர்களின் பிரதிநிதிகளும் உறுப்பினர்களா இருக்கணும். அதாவது முடிவெடுக்கும் மேசையில் அவங்களுக்கு நாற்காலி போடு என்று சட்டமே சொல்லுது. சென்னையில் போடச் சொன்ன நாற்காலியை தாலுகா மருத்துவமனையில் போட என்ன தடை? எங்க நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் ஒரு அம்மாவையோ, நோயில் இருந்து மீண்டு வந்த ஒருத்தரையோ உட்கார வைக்க ஒரு ரூபாய் செலவு இல்லை.

21/
ஆள் பற்றாக்குறைக்கு நடுவிலும் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கு. எனக்குத் தோன்றியது:

• நாளோ இடமோ மாறினால் குறைந்தது ஒரு மாசம் முன்னாடி நோட்டில் எழுதிக் கொடுக்கணும், போனிலும் சொல்லணும். கதவில் ஒட்டின தாள் போதாது.
• மாற்றம் நடக்கும் சமயத்தில், நிலையா இருக்கிறவங்களுக்கு 2 மாச மாத்திரை. ஆனால் உயிரை மாய்க்க முயன்றவர் வீட்டில் அதிக மாத்திரை சேரக் கூடாது. அவங்களுக்குக் குறைவா, அடிக்கடி, சொந்த ஊர்ப் பக்கத்திலேயே.
• டாக்டர் மாறும்போது ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பக்கச் சுருக்கம். என்ன நோய், எது கேட்டது, எது ஒத்துக்கலை.

22/
• குளோசபின், லித்தியம், மாத ஊசி, கர்ப்பிணிகள், சமீபத்தில் தற்கொலைக்கு முயன்றவங்க. இந்தப் பட்டியலைத் தனியா எடுத்து, ஒவ்வொருவரும் புது இடத்தில் போய்ச் சேர்ந்தாங்களா என்று பேர் வைத்துப் பார்க்கணும்.
• மனநல மருத்துவர் வராத நாளில், ஏற்கெனவே எழுதின மருந்தைப் பார்த்துத் தொடர்ந்து கொடுக்க எங்களைப் போன்ற எம்பிபிஎஸ் டாக்டர்களுக்குப் பயிற்சியும், சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு எண்ணும் வேணும். பெல்லாரியில் செய்து காட்டியதே இதுதான்.
• வராதவங்களை ஒரு வாரத்துக்குள் தேடணும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகுது. அதே கால்கள் அதே தெருவில், நிலையா இருக்கிற மனநல நோயாளியோட மாத்திரையையும் கொண்டு போகட்டும். அவர் சம்மதத்தோடு, அக்கம்பக்கத்துக்குத் தெரியாத மாதிரி.

23/
• மூணு மாசம் கழித்து மதிப்பிடும்போது "மொத்தம் எத்தனை பேர் வந்தாங்க" என்று பார்க்காதீங்க. "முன்னே வந்தவங்களில் எத்தனை பேர் இப்பவும் வர்றாங்க" என்று பாருங்க. அந்த ஒரு எண் உண்மையைச் சொல்லிடும்.

இதில் எதுக்கும் புதுக் கட்டடம் வேண்டாம், ரிப்பன் வெட்ட வேண்டாம்.

24/
இப்போ உங்களுக்கு. வீட்டில் யாராவது மனநல மருந்து எடுத்துக்கிறாங்கன்னா:

மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்க. கையில் எப்பவும் ஒரு வார மாத்திரை மிச்சம் இருக்கிற மாதிரி பார்த்துக்கோங்க. ஓபி நாள் தவறிப்போச்சுன்னா அடுத்த ஓபி வரைக்கும் காத்திருக்காதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனையில் எந்த டாக்டராக இருந்தாலும் நோட்டைக் காட்டி, "இதைத் தொடர்ந்து கொடுங்க" என்று கேளுங்க. "நல்லாத்தானே இருக்கான், நிறுத்திப் பார்ப்போம்" மட்டும் வேண்டாம். அந்த மாத்திரையால்தான் நல்லா இருக்கார்.

25/
சேவை போச்சுன்னா வாய் திறங்க. மருத்துவமனையின் பொறுப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுக்க அதே சட்டத்தின் 28ஆவது பிரிவு உரிமை தருது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கு. முதல்வர் உதவி எண் 1100 இருக்கு. இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு.

மனுவில் நோயாளி பேர் வரணும் என்று இல்லை. "எங்க ஊர் ஆஸ்பத்திரியில் மனநல ஓபி பழையபடி வேணும்" என்று ஊர்க்காரர் யார் வேணும்னாலும் கேட்கலாம். கிராம சபையில் ரோடு, தண்ணீர், தெருவிளக்கு கேட்கிறோம். இதையும் ஒரு தீர்மானமா கேளுங்க.

26/
அவங்களால் சத்தம் போட முடியாத இடத்தில், நோய் இல்லாத நாம கொஞ்சம் குரல் கொடுத்தால் தப்பில்லை. உங்க தெருவிலும் மனநல மாத்திரை சாப்பிட்டுவிட்டு, காலையில் எழுந்து, வேலைக்குப் போய், பிள்ளையை ஸ்கூலில் விடுகிற ஒருத்தர் இருப்பார். உங்களுக்குத் தெரியாது. தெரியாத அளவுக்கு அவர் நல்லா இருக்கார் என்றால், மாசா மாசம் ஒரு தேதியில் ஒரு மருந்தகச் சன்னலில் அவருக்கு மாத்திரை கிடைக்குது என்று அர்த்தம்.

அந்தத் தேதியை மாற்றும் முன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

உங்க ஊர் அரசு மருத்துவமனையில் மனநல ஓபி எந்தக் கிழமை என்று விசாரித்து, தேவைப்படுகிறவங்களுக்குச் சொல்லுங்க.